பிள்ளையாருக்கு அடியில் ஒரு மூடி

நாச்சிமுத்து ஓரிடத்தில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பார்த்தவர்கள் திருச்செங்கோட்டில் யாரும் கிடையாது. கல்யாணத்துக்குப் போனால் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, தாலி கட்டுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். யாராவது எதையாவது விளக்க ஆரம்பித்தால் பாதியிலேயே “தெரியும், தெரியும்” என்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது மறுநாள்தான் வெளிப்படும்.

இருபத்தாறு வருடம் ரிக் வண்டியில் ஓடி, ஊர் ஊராய் ஆழ்துளைக் கிணறு போட்ட உடம்பு அது. ஒன்பது வருடத்துக்கு முன் சத்தீஸ்கரில் ஒரு காட்டுக்குள் துளை போடும் இரும்பு ராடு மாட்டும்போது ஒரு ராடு நழுவி அவருடைய இடது முழங்காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, கால் மட்டும் மடங்க மாட்டேன் என்றுவிட்டது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்த மனுஷனை வீட்டில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? மனைவி கண்ணாத்தாளைத்தான் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மோட்டார் ரூமைத் திறந்து மூடுகிறார் என்று மகள் கிருத்திகாவிடம் போனில் சொல்லி அழுதாள். அந்தப் பெண்தான் தன் சம்பளத்தில் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் கொடுத்தாள். வலது கால் ஒன்று போதும், ஓட்டிவிடலாம். அவரோடு ரிக்கில் ஓடிய பழைய டிரைவர் அப்புசாமி அதைப் பார்த்த அன்றே, இது காரா, கதவு வைத்த ஸ்கூட்டியா என்று கேட்டுவிட்டார். அப்புசாமியின் வாய்க்குப் பூட்டு இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை.

போன வாரம் குணசீலன் கூப்பிட்டார். நாச்சிமுத்துவை விட இருபது வயது இளையவர், புதிதாக ஒரு ரிக் இறக்கியிருக்கிறார். வண்டி சத்தீஸ்கர் போகிறது, கூடவே மேனேஜராக வர முடியுமா என்று கேட்டார். ஆட்களையும் டீசலையும் கவனித்துக்கொள்ளும் வேலை, எடை தூக்க வேண்டியதில்லை. ஒன்பது வருடமாக எவனும் கேட்காத கேள்வி. கேட்டு முடிப்பதற்குள் நாச்சிமுத்து வாரேனுங்க என்றுவிட்டார்.

சொன்ன வாய் மூடவில்லை, பயம் பிடித்துக்கொண்டது. அதே சத்தீஸ்கர், அதே ராடு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? திங்கட்கிழமை விடிகாலை எழுந்து, ரிக் கிளம்பும் பூஜைக்கு மட்டும் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லி, துணிப்பை கூட எடுக்காமல் கிளம்பினார். கண்ணாத்தாள் வந்து வாசல் கேட்டைத் திறந்துவிட்டாள்.

ஐந்து மணிக்கெல்லாம் குணசீலன் ரிக்கை நிறுத்தும் யார்டு வந்துவிட்டது. கேட்டில் பாதி கார் நுழைந்தது, அதற்கு மேல் அவருக்கு மனசு நுழையவில்லை. கியரை ‘பி’யில், அதாவது சக்கரத்தைப் பூட்டும் பார்க்கிங்கில், போட்டு இன்ஜினை அணைத்தார். சாவி ஆனிலேயே இருக்க, லைட் எரிய, ஃபேன் ஓட, பாட்டு பாட, உள்ளேயே உட்கார்ந்திருந்தார். போகலாமா, திரும்பிவிடலாமா? ஆட்கள் ஒவ்வொருவராக பைக்கில் வந்து காரின் ஓரமாகப் புகுந்து உள்ளே போனார்கள். அவரும் கடைசியில் இறங்கிப் போய் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரிக் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஏழரைக்கு ராகு காலம், அதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியாக வேண்டும். காரைக் கொஞ்சம் உள்ளே எடுத்து விடச் சொன்னார் குணசீலன்.

ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். பேட்டரியை மாற்றச் சொல்லி கிருத்திகா தலையால் தண்ணீர் குடித்திருந்தாள். கியரை இழுத்துப் பார்த்தார், சிமெண்டில் ஊன்றியதுபோல் அசையவில்லை.

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று, இப்போது குணசீலனிடம் இருக்கும் அப்புசாமி தலைமையில் எட்டுப் பேர் முதுகு கொடுத்தார்கள். லாரிக்காரன் ஊரில் தள்ளினால் ஓடாத வண்டி உண்டா? இது ஓடவில்லை. அரை அங்குலம் ஆடி, ‘டக்’கென்று நின்றது. ரிக்கின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுக்கலாம் என்றான் ஒருவன். அது இருபத்துநாலு வோல்ட், கார் புகைந்துவிடும் என்று நாச்சிமுத்து தடுத்தார். குணசீலனின் காரோ அவர் மனைவியோடு மலைக்கோயிலுக்குப் போயிருந்தது. மணி ஏழே கால். சங்கிலி போட்டு லாரியில் கட்டி இழுத்துவிடலாம், ரிப்பேரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் குணசீலன். இழுத்தால் கியர்பாக்ஸ் பொடிப்பொடியாகும். மகள் வாங்கிக் கொடுத்த கார். விட்டாலோ, குணசீலனின் புது வண்டி ராகு காலத்தில் கிளம்ப வேண்டும், அந்தப் பேச்சு ஆயுசுக்கும் நாச்சிமுத்துவின் தலையில்தான் விடியும். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கார் டெலிவரி எடுத்த அன்று ஷோரூம் பெண் என்னவோ சொன்னாள். கரண்ட் இல்லாமல் கியர் மாட்டிக்கொண்டால் என்று ஆரம்பித்தாள். ‘தெரியும், தெரியும்’ என்று இவர் வெளியே நடந்துவிட்டார். பாவி! அவள் விரல் எங்கே காட்டியது? கியருக்குப் பக்கத்தில். அங்கே சின்னதாகச் சதுரமாய் ஒரு மூடி. பார்த்ததும் பிள்ளையாருக்கென்றே செய்த பீடம் என்று நினைத்து, சாயங்காலமே பசை போட்டு ஒரு குட்டிப் பிள்ளையாரை அதன் மேல் ஒட்டிவிட்டவர் சாட்சாத் இவரேதான்.

அப்புசாமியின் சட்டைப்பையிலிருந்த டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை உருவினார். வண்டி கிளம்பும் நேரத்தில் சாமியைப் பெயர்ப்பதாவது என்று நாலு பேர் பதறினார்கள். “மன்னிச்சுக்கோ சாமி” என்று நெம்பினார். பிள்ளையார் மூடியோடு கையில் வந்தார். அடியில் விரல் நுழையாத ஒரு துளை.

கேட்டிலிருந்து ரோட்டுக்கு நல்ல சரிவு. கை பிரேக்கை முழுசாக இழுத்துவிட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கச் சொன்னார். வலது காலால் பிரேக்கை மிதித்தார், இன்ஜின் ஓடாததால் அது கல்லாக இருந்தது. டெஸ்டரைத் துளைக்குள் விட்டு அழுத்திக்கொண்டே கியரை இழுத்தார். முதல் தடவை வரவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு வேலையை நிதானமாகச் செய்தார். மறுபடி அழுத்தினார். ‘களக்’கென்று கியர் ‘என்’னுக்கு, நியூட்ரலுக்கு, இறங்கியது. கை பிரேக்கை விட்டதும் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளி, காரை உள்ளே சுவரோரம் சேர்த்தார்கள்.

மணி ஏழு இருபத்திரண்டு. பேட்டரி எப்படி இறங்கியது என்று குணசீலன் கேட்டார். பொய் சொல்ல நேரமில்லை.

“அஞ்சு மணியில இருந்து லைட்டப் போட்டுட்டு உள்ளயே உக்காந்திருந்தனுங்க தம்பி. வாரதா வேண்டாமான்னு. எனக்குப் பயமுங்க.”

குணசீலன் சிரிக்கவில்லை. “பயமில்லாத ஆளு எங்கிட்டப் பன்னண்டு பேரு இருக்கறாங்கண்ணா. ராடு மாட்டறப்ப, தள்ளி நில்லுங்கடான்னு கத்தறதுக்கு ஒருத்தரு வேணும். அதுக்குத்தான் உங்களக் கூப்புட்டேன்.”

மாற்றுத்துணி கூட இல்லையே என்று நாச்சிமுத்து முனகினார். அதற்குள் காரின் பின்கதவைத் திறந்த அப்புசாமி, சீட்டுக்கு அடியில் ஒரு பை கிடக்கிறது, யாருடையது என்று கேட்டார். மூன்று லுங்கி, துண்டு, முழங்கால் பெல்ட், தைலம். கண்ணாத்தாள் எப்போது கட்டினாள், எப்போது கொண்டு வந்து வைத்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

பிள்ளையாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இடது காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்து ரிக்கில் ஏறினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, ஏழு இருபத்தெட்டுக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. சங்ககிரி ரோட்டில் திரும்பியதும் வீட்டுக்குப் போன் போட்டார்.

“கண்ணாத்தா, நான் ஏறிட்டேன்.”

“தெரியுமுங்க,” என்றாள் அவள். “பெல்ட்டு பைக்குள்ள இருக்குது, போட்டுக்குங்க.”