சேற்றில் இறங்கிய பெர்னடெற்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சேலையை மாற்றி, நீல ஓவரோலுக்குள் புகுந்து, பெர்னடெற் வண்டிக்கு அடியில் படுத்துவிடுகிறார். ஒன்றோடொன்று கோத்தாற்போல் நெருங்கி நிற்கும் சக்கரங்களின் இடுக்கில் கம்பியை விட்டுக் காய்ந்த மண்ணைச் சுரண்டுகிறார். “இவ சக்கரத்துக்குப் பல்லு விளக்கிறா,” என்கிறார் கணவர் கிறிஸ்துராஜா, என்னிடம் தேநீரை நீட்டியபடி.

இரண்டாம் உலகப்போரில் பீரங்கி இழுக்க ஜெர்மானியர் செய்த வண்டி அது. முன்னால் லொறிச் சக்கரம், பின்னால் டாங்கிபோலச் சங்கிலிப் பட்டி; அதற்குள்தான் அந்த நெருக்கமான சக்கரங்கள். பெர்னடெற் புலம்பெயர்ந்து வாழும் சட்டன் நகரில் உள்ள பழைய வாகனச் சங்கம் ஒன்று அதைத் துருக்குவியலாக வாங்கியது. பஸ் கராஜில் மெக்கானிக்கான பெர்னடெற்தான் சங்கத்தின் ஒரே பெண் உறுப்பினர். வண்டியை ஓட்டுபவரும் அவரே.

“முதலிலை வடிவாய்ச் செய்தவங்கள். சங்கிலியின்ரை ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய், ரப்பர். சண்டை நீள நீளக் கட்டுப்படியாகேல்லை. ரஷ்யாவிலை சேறு விழுங்கத் தொடங்க, சாதாரண லொறிக்கே பின்னாலை சங்கிலி பூட்டினவங்கள்,” என்கிறார் பெர்னடெற்.

ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்தவருக்குச் சண்டை வண்டியோடு என்ன உறவு என்று கேட்டேன்.

“செய்விச்சவங்கள் பொல்லாதவங்கள். இந்தச் சங்கிலியை யோசிச்சவன் கெட்டிக்காரன். ரெண்டும் உண்மைதானே?”

சென்ற கோடையில் சங்கத்தின் கண்காட்சி நடந்த மைதானத்தில் மழை கொட்டியது. பார்க்க வந்த முதியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவரை ஏற்றிய அம்புலன்ஸ் அச்சுவரை சேற்றில் புதைந்தது. இழுக்கப்போன ஜீப்பும் புதைந்தது. சங்கத் தலைவர் சங்கிலி வண்டியை இறக்கத் தயங்கினார்: பழைய சங்கிலி, அறுந்தால் மாற்றுக் கிடைக்காது.

“அறுந்தால் அறுந்துபோகட்டும். மனுசனுக்கும் மாத்து இல்லை,” என்று பெர்னடெற் தமிழிலேயே சொல்லிவிட்டு ஏறினார்.

ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் முன்சக்கரம் மட்டும் திரும்பும்; இன்னும் திருப்பினால் ஒருபக்கச் சங்கிலி பிரேக் பிடித்து வண்டியே சுழலும். அப்படிச் சுழற்றி, கயிறு கட்டுவித்து, உறுமிக்கொண்டே இழுத்தார். அம்புலன்ஸ் தார்ச்சாலையில் ஏறிய பிறகுதான் சங்கிலி அறுந்தது. முதியவர் பிழைத்துக்கொண்டார். தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மழையில் நின்றாராம்.

“எனக்குப் பெருமைதான். ஏன் ஒளிக்க வேணும்?” என்கிறார் பெர்னடெற். அறுந்த மூட்டுகளுக்குப் பதில் புதியவற்றைக் கராஜ் நண்பர்களோடு சேர்ந்து அவரே வார்த்து முடித்திருக்கிறார்.

இந்த இதழுக்காகப் படம் எடுக்கக் கமராவைத் தூக்கினேன். “கையைக் கழுவிப்போட்டு நில்லும்,” என்று கிறிஸ்துராஜா துவாயை நீட்டினார். பெர்னடெற் வாங்கவில்லை. எண்ணெய்க் கறுப்பேறிய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, கமராவுக்கு நேரே உயர்த்திக் காட்டினார்.