எங்கள் பங்கு டீம் தோற்ற வருஷம்

கோயில் கால்பந்து டீமுக்கு மேனேஜராகிறவனுக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஜெயித்தால் பேரும் கிடையாது. தோற்றால் மட்டும் பூசை முடிந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

நீங்களும் எங்கேயாவது ஒரு தோற்கிற டீமுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தவராக இருந்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும். என் பேர் சகாயம். பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் எங்கள் பங்குக் கோயில். வார நாட்களில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுன்டரில் நிற்பேன். முன்பு அதே டீமில் லெஃப்ட் பேக் ஆடினேன். முழங்கால் போனதும், சும்மா இருக்க முடியாமல் மேனேஜர் ஆனேன். இரண்டாயிரத்துக்குப் பக்கத்து வருஷங்கள் அவை. எங்கள் நல்ல பையன்கள் இரண்டு பேர் கால் சென்டர் வேலைக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடித்து ஞாயிறு காலை மைதானத்துக்கு வருவார்கள், பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது நின்றபடியே தூங்குவார்கள். பங்குகளுக்குள் நடக்கும் லீக்கில் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று இரண்டு உண்டு; மேலே கடைசியாக வருகிறவர்கள் அடுத்த வருஷம் கீழே இறங்க வேண்டும். நாங்கள் மேல் பிரிவின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

சின்னப் பிரசங்கம்

எங்கள் பங்குச் சாமியார் லூர்து ஃபாதருக்குக் கால்பந்து உயிர். ஆனால் பிரசங்கம் அதைவிடப் பெரிய உயிர். எட்டு மணிப் பூசையில் அவர் பேச ஆரம்பித்தால், டீம் மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது எதிர் டீம் வார்ம்-அப் முடித்து உட்கார்ந்திருக்கும். ஒருநாள் துணிந்து போய்ச் சொன்னேன். "ஆண்டவரோட வார்த்தைய சுருக்கச் சொல்றியா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிறு அவர் நான்கு வார்த்தை பேசிவிட்டு "ஆமென்" என்றார். ஜனங்கள் நம்பாமல் உட்கார்ந்தே இருந்தார்கள். செய்தி பரவி, அடுத்த மேட்ச் அன்றைக்கு ஆறரை மணிப் பூசைக்கு வருகிறவர்கள்கூட எட்டு மணிக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கும் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். திரும்பி வந்தபோது கோயில் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினார் பாடகர் குழுவில் பாடும் பிலோமினா ஆன்ட்டி. ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"தோத்தா தோத்துட்டுப் போறீங்க, மேட்ச மட்டும் நிறுத்திடாதீங்கப்பா."

வாசலில் நின்ற கோல்கீப்பர்

எங்கள் கோல்கீப்பர் கல்யாணம் பண்ணிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டான். ஒரு சாயங்காலம் பயிற்சியில் பந்து கோயில் மதில் தாண்டிப் போயிற்று. எடுக்கப் போனால், வாசல் ஸ்டாண்டில் நின்ற ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு பந்தைப் பிடித்து வைத்திருந்தது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அந்த ஆள் எழுந்திருக்கக்கூட இல்லை. ஆட்டோ ஓட்டும் ஸ்ரீராம்புரத்து பாபு. அந்த வாரமே அவனுக்கு ஜெர்சி கொடுத்தேன். அவன் வராமல் இருந்திருந்தால் நாங்கள் வாங்கிய கோல்களை எண்ண இரண்டு ஆள் வைக்க வேண்டியிருந்திருக்கும்.

எங்களை ஜெயித்த டீம் ஒன்றுதான் புகார் கொடுத்தது. பாபு கிறிஸ்தவன் இல்லை, பங்கைச் சேர்ந்தவன் இல்லை, ஆகவே ஆடக்கூடாது என்றார்கள். ஜெயித்த பிறகு எதற்கு இந்தப் புகார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. லீக் கமிட்டி ஃபாதரைக் கூப்பிட்டுக் கேட்டது. "எங்க பங்கு ஆள்தான், ஞாயிறு தவறாம கோயிலுக்கு வர்றவன்" என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். திரும்பி வந்தவர் நேரே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார். நானும் கூட நின்றேன்.

"ஏம்ப்பா பாபு, உனக்காகப் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். இனிமே ஞாயித்துக்கெழம ஒரு ஓரமாவது வந்து நில்லு" என்றார். பாபு ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தவில்லை.

"பொய் இல்ல ஃபாதர். எத்தினி வருஷமா உங்க வாசல்லதான் நிக்கிறேன், உள்ள வாடான்னுதான் யாரும் கூப்பிடல."

ரயிலில் வந்தவன்

டீமில் உண்மையிலேயே கால்பந்து தெரிந்தவன் ஒருவன்தான், செல்வராஜ். கோலார் தங்கவயல்காரன். அப்பா சுரங்கத்தில் வேலை. சுரங்கத்தை இன்றைக்கு மூடுகிறார்கள், நாளைக்கு மூடுகிறார்கள் என்று அங்கே பேச்சு ஓடிக்கொண்டே இருந்த காலம். செல்வராஜ் சிவாஜிநகரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் விடியுமுன் ரயிலேறி வந்து இருட்டினபின் திரும்பிப் போவான். அவன் சித்தி எங்கள் பங்கில் இருந்ததால் எங்களுக்கு ஆடினான். கடைக்கு ஞாயிறு விடுமுறை. அவனுக்கு மட்டும் விடுமுறை இல்லை. பூட்ஸை டிபன் பையில் போட்டுக்கொண்டு கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்குவான்.

பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் மைதானமே கொஞ்சம் அமைதியாகும். மற்றவர்கள் பந்தை உதைப்பார்கள்; அவன் கூட்டிக்கொண்டு போவான். என்ன, கூட ஓட ஆள் இருக்காது. தனியாக நாலு பேரைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, யாரும் இல்லாமல் அங்கேயே பந்தைத் தொலைப்பான். ஒருநாள் ஸ்டேஷன்வரை கூட நடந்தேன். "வாரத்துல ஒருநாள் வீட்ல படுத்துத் தூங்கலாம். அங்கயே கிரவுண்டு இருக்கு, ஆடறவங்க இருக்காங்க. எதுக்குடா இவ்ளோ தூரம் வர்ற?" என்று கேட்டேன். டிபன் பையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"அங்க கிரவுண்டுலகூட அதே பேச்சுதாண்ணா. இங்க மட்டுந்தான் 'அடுத்து இன்னா பண்ணப் போற'ன்னு என்னை யாரும் கேக்கறதில்ல."

என் பத்து நிமிஷம்

ஒரு ஞாயிறு, தொம்மலூர் பக்கத்து மைதானம். எங்கள் லெஃப்ட் பேக் தங்கச்சி நிச்சயதார்த்தம் என்று வரவில்லை. மாற்று ஆளுக்கும் இடைவேளைக்கு முன்பே காலில் அடி. பத்துப் பேரோடு ஆடினோம். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது பையைத் திறந்து தண்ணீர் பாட்டில்களுக்கு அடியிலிருந்து என் பூட்ஸை எடுத்தேன். ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் பூட்ஸை ஏன் வாராவாரம் பையில் போட்டுக்கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள். நீங்கள் ஆடியவராக இருந்தால் கேட்க மாட்டீர்கள்.

உள்ளே போனேன். பழைய இடம், ஓரக் கோட்டை ஒட்டின புல். முதல் பந்து என்னைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது பந்து சரியாக இடது காலுக்கு வந்தது. நிறுத்தினேன். தலையைத் தூக்கினேன். தூரத்தில் செல்வராஜ் கையைக்கூடத் தூக்காமல் என்னைப் பார்த்து நின்றான். கொடுத்தேன். பந்து மூன்று பேருக்கு நடுவே போய் அவன் காலடியில் உட்கார்ந்தது. அவன் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. அதற்குள் என் முழங்கால் மடங்கி நான் புல்லில் உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி ஸ்டெல்லா அன்றைக்குப் பார்த்து மைதானத்துக்கு வந்திருந்தாள். பாபு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"பத்து நிமிஷம் உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இப்பிடி இல்ல."

பார்க்க வந்தவர்

அந்தக் காலத்தில் பெங்களூரில் நன்றாகப் பந்தாடுகிறவனுக்கு அரசாங்கத் தொழிற்சாலைகளில் வேலை கிடைக்கும். தொழிற்சாலை டீமுக்கு ஆட வேண்டும், பதிலுக்கு ஆயுசுக்கும் வேலை. செல்வராஜின் கனவு அதுதான். யாரிடமும் சொல்லமாட்டான், ஆனால் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தால் கடைசி பஸ் போகிறவரை நின்றுவிடுவான். ஃபாதர் யார் யாரையோ பிடித்து, ஒரு தொழிற்சாலையின் விளையாட்டு அதிகாரியை எங்கள் மேட்சுக்கு வரவழைத்தார். கோபால் சார் என்று பேர். அவரே ஒரு காலத்தில் ஆடியவர். செல்வராஜின் அப்பாவும் அன்றைக்குத் தங்கவயலிலிருந்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை, ஆட்டம் முழுக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

நான்குக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்று செல்வராஜ் போட்டது. சேற்றில், முதுகு கோலைப் பார்த்திருக்க, பந்தை முழங்காலில் வாங்கித் திரும்பி அடித்தான். எதிர் டீம் கோல்கீப்பரே கை தட்டினான். ஆட்டம் முடிந்ததும் கோபால் சாரை டீக்கடைக்குக் கூட்டிப் போனோம். செல்வராஜின் அப்பா இரண்டடி தள்ளி நின்று அவர் வாயையே பார்த்தார். கோபால் சார் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "பையன் காலுல விஷயம் இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தொழிற்சாலையில் இப்போது ஆள் எடுப்பதே இல்லை, இருக்கிறவர்களையே விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்புகிறார்கள், விளையாட்டு ஒதுக்கீடும் நின்றுபோய்விட்டது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது முன்பே தெரியும் என்றால் பிறகு ஏன் சார் வந்தீர்கள், அந்தப் பெரியவர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மைதானத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த செல்வராஜைப் பார்த்தார்.

"தப்புதான். ஒரு நல்ல ஃபார்வர்ட் இருக்கான்னு ஃபாதர் சொன்னாரு, அப்பிடி ஒருத்தன் ஆடிப் பாத்து ரொம்ப நாளாச்சு சகாயம், மனசு கேக்கல."

வராத டீம்

சீசனின் கடைசி மேட்சுக்கு வரும்போது நாங்கள் ஒன்றுகூட ஜெயித்திருக்கவில்லை. ஆனாலும் சில மேட்ச் டிரா ஆன புண்ணியத்தில், அந்த ஒரு மேட்சை ஜெயித்தால் மேல் பிரிவில் ஒட்டிக்கொள்ளலாம் என்கிற நிலைமை. இதற்குள் சித்தப்பா மூலமாக செல்வராஜுக்கு மஸ்கட்டில் ஒரு ஸ்டோர்ஸ் வேலை வந்துவிட்டது. அந்த வாரமே பிளைட். அங்கே போனால் ஆடுவாயா என்று பையன்கள் கேட்டதற்கு, "மணல்ல என்னாத்த ஆடறது" என்று சிரித்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தோம். எதிர் டீம் வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பங்கு அவர்களுடையது. வரும் வழியில் வேன் நின்றுவிட்டதாம், ஒருவன் மட்டும் பைக்கில் தொற்றி வந்து சொன்னான். ரெஃப்ரி கன்னடக்காரர், விதிப்படி நடக்கிறவர். கடிகாரத்தைப் பார்த்தார். "டைம் ஆய்த்து. வாக்ஓவர் எடுத்துக்குங்க. பாயிண்ட் உங்களுக்கு" என்றார். ஒரு சீசன் முழுக்க ஏங்கியது கையில் வந்து விழுந்தது. கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

திரும்பிப் பார்த்தேன். பையன்கள் யாரும் துள்ளவில்லை. செல்வராஜ் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கயிற்றைக் கட்டுவதா அவிழ்ப்பதா என்று தெரியாதவன் மாதிரி. ஃபாதர் என்னிடம், "நீதான் மேனேஜர்" என்று மட்டும் சொன்னார். பாபு கிளவுசைக் கழற்றாமலே பக்கத்தில் வந்து, "ணா, இவன் நாளைக்கு எங்க போய் ஆடுவான்?" என்று காதோடு கேட்டான். நான் ரெஃப்ரியிடம் போய், நாங்கள் காத்திருக்கிறோம், ஆடியே தீரவேண்டும் என்றேன். அவர் கடிகாரத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்.

அவர்கள் வேனைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். ஜெர்சியெல்லாம் கிரீஸ். ஆட்டம் ஆரம்பித்தது. செல்வராஜ் அன்றைக்கு ஆடிய மாதிரி நான் அவன் ஆடிப் பார்த்ததில்லை. கோல் போட அவசரப்படவில்லை. கால் சென்டர் பையன்களுக்குப் பந்தைக் கொடுத்து, வாங்கி, திரும்பக் கொடுத்து, அவர்களையும் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் ஒருவரும் தூங்கவில்லை. அப்படிப் போய்ப் போய் ஒரு கோல் போட்டான். ரொம்ப நேரம் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். கடைசியில் அவர்கள் இரண்டு போட்டுவிட்டார்கள். இரண்டாவதில் பாபுவின் விரல் பந்தில் பட்டது, பிடிபடவில்லை. விசில் அடித்ததும் செல்வராஜ் நடு மைதானத்தில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் மெதுவாகப் பார்த்தான். யாரும் அவன் பக்கத்தில் போகவில்லை.

எதிர் டீம் கேப்டன் என்னிடம் கை கொடுக்க வந்தான். கொடுத்த கையை விடவில்லை.

"பேஜார் பண்ணிக்காத குரு. உங்க எடத்துல நாங்க இருந்திருந்தா, பாயிண்ட எடுத்துக்கினு வீட்டுக்குப் போயிருப்போம்."

அடுத்த வருஷம் கீழ்ப் பிரிவில் நாங்கள் நிறைய மேட்ச் ஜெயித்தோம், அவற்றைப் பற்றியும் நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.