கரையாத கட்டி

அந்தக் கட்டி என் கையில் தட்டுப்பட்டபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. 1978-ஆம் வருஷம், மழைக்காலம் முடியும் சமயம். குளித்துக்கொண்டிருந்தேன். இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ இருந்தது. அமுக்கிப் பார்த்தேன். வலிக்கவில்லை. வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் சின்னம்மா இதே மாதிரி வலிக்காத கட்டி வந்துதான் செத்துப்போனாள். கடைசி மாதங்களில் அவள் படுத்திருந்த அறைக்குள் யாரும் போகவில்லை. நாற்றம் தாங்கவில்லை என்று கஞ்சியை வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவோம். அப்படி வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவர் பெயர் சவரிநாதன். பஞ்சாலையில் நெசவுப் பிரிவில் வேலை. நாங்கள் மூலக்குளத்தில் சின்னதாக வீடு கட்டிக் குடியிருந்தோம். கட்டி வருவதற்கு நாலு வருஷம் முன்னால் எங்கள் ஒரே மகள் ரெஜினாவுக்குத் தலைப்பிரசவம். அதே வருஷம் எனக்கு மாதவிலக்கும் நின்றுவிட்டது. ஒருநாள் அவர் என் பக்கத்தில் வந்து படுத்தார். நான் எழுந்து உட்கார்ந்து, "பேரப்புள்ள எடுத்தாச்சி. இனிமே இன்னாங்க இதெல்லாம்? நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். அன்றிலிருந்து அங்கேயே படுத்தார்.

என் உடம்பின் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. புண்ணியமான காரியம் என்றும் நினைத்துக்கொண்டேன். அப்படி அனுப்பிவிட்ட மனுஷனிடம் போய் எந்த முகத்தோடு மார்பில் கட்டி என்று சொல்வது?

மாதாவிடம் போனேன். ஒன்பது சனிக்கிழமை கோயிலுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டேன். "தாயே, இது யாருக்கும் தெரியாமல் கரைந்துபோக வேண்டும்." இதுதான் என் ஜெபம்.

கட்டி கரையவில்லை. தவக்காலம் வந்தபோது எலுமிச்சங்காய் அளவு ஆகியிருந்தது. மேல்தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. நான் தொளதொளவென்று ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றினேன். கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் அவரும் மாறிப்போனார். சாப்பிடுவார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போவார். ஒருநாள் லாஸ்பேட்டையிலிருந்து மருமகன் வந்தவர், "அத்தை, மாமாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா? நோணாங்குப்பத்துல ஆத்தையே பாத்துக்கினு தனியா குந்தியிருந்தாரு. கூப்ட்டேன், திரும்பல" என்றார். இவர் ஆற்றில் விழுந்துவிடுவாரோ என்று நினைத்தேன். வீட்டில் இரண்டு சாவு நடக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. எது முந்தும் என்றுதான் தெரியவில்லை.

ஒன்பதாவது சனிக்கிழமை. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நின்றேன். வழக்கமான ஜெபம் வாயில் வரவில்லை. "தாயே, எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைத் தனியாக விட்டுவிடாதே" என்று மட்டும் சொன்னேன். அழுதேன். வீட்டுக்கு வந்தேன்.

பகல் மூன்று மணி இருக்கும். அவர் முதல் ஷிப்ட் முடித்து வந்திருந்தார். கிணற்றில் தண்ணீர் சேந்தப் போனேன். இடது கையைத் தூக்க முடியவில்லை. வாளி கயிற்றோடு உள்ளே விழுந்தது. அவர் ஓடிவந்தார்.

"இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்லீங்க. தோள்ல சுளுக்கு."

அவர் உள்ளே போய் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்து வந்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்து தோளைத் தேய்த்தார். நாலு வருஷத்துக்கு அப்புறம் என்மேல் பட்ட கை. காய்ப்புக் காய்த்த கை. நான் அசையாமல் இருந்தேன். கை அக்குளுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது.

"லூர்து. இன்னா இது?"

நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"லூர்து."

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். "என்ன நீ வெறுத்துட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இனிமே யாருக்காக இருக்கணும்னு ஆத்தங்கரையில போயி போயி குந்தியிருந்தேன்" என்றார்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இவ்ளோ நாளா இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றார். ஒரு வாரத்தில் மார்பை எடுத்தார்கள். அப்புறம் கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள். தோல் கருகி, சோறு இறங்காமல் கிடந்தேன். பிழைப்பேனா என்று அவர் கேட்டதற்கு டாக்டரம்மா, "அஞ்சு வருஷம் போவட்டும். அப்பறம் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் புண்ணைத் துடைத்துக் கட்ட ஆள் வேண்டும். ரெஜினாவுக்கு இரண்டாவது பிரசவம் ஆகியிருந்தது. அவர்தான் வெந்நீரோடு வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பாக்காதீங்க."

"எனக்குத் தலை நரைச்சிப்போச்சி. பல்லு ரெண்டு வுழுந்துடுச்சி. நீ என்னப் பாக்காமயா இருந்த?"

பார்க்கவில்லை. அதுதான் உண்மை. பல் விழுந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தேன். என் கணவர் கிழவராகிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் தனியாகவே முதுமை அடைந்திருந்தார். என் கை சேலையை விட்டது. அவர் கட்டைப் பிரித்தார். முகத்தைத் திருப்பவில்லை.

புண் ஆறியபிறகு அவர் பாய் கூடத்திலிருந்து உள்ளே வந்தது. நாங்கள் மறுபடியும் கணவனும் மனைவியுமாக இருந்தோம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். ஆனாலும், நான் மறைத்ததால் வந்த கேடு பெரிது என்பதால் சொல்கிறேன்.

ஐந்து வருஷம் தாண்டி 1985-ம் வந்துவிட்டது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின வாரம் எனக்குச் சோறு இறங்காது. போன வருஷம் ஒரு இருமல் வந்து ஒரு மாதம் விடவில்லை. படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. பயம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் அதோடு நான் தனியாக இல்லை. கேட்டதை மாதா கொடுத்தாள். கடைசியாக நான் கேட்டதை.

சகோதரிகளே, வயதாகிவிட்டது என்று சொல்லி உங்கள் வீட்டுக்காரரைத் தள்ளி வைக்காதீர்கள். உங்கள் உடம்பையும் தள்ளி வைக்காதீர்கள். வெட்கத்தை மாதாவிடம் கொடுத்துவிட்டு, கட்டியை டாக்டரிடம் காட்டுங்கள். போகப் பயமாக இருந்தால் மூலக்குளத்தில் என்னைத் தேடி வாருங்கள். நான் கூட வருகிறேன்.