பத்து நிமிடக் கெடு

சமூகநல அலுவலகத்தின் இணையதளத்தை உருவாக்கியவளுக்கு அங்கே ‘கறார் அக்கா’ என்று பெயர். சும்மா சொல்லக்கூடாது, வேலையில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. முகப்பில் அசைகிற படம் வேண்டும் என்று மேலதிகாரிகள் அடம்பிடித்தபோதுகூட, "பழைய போன்ல பக்கம் திறக்குமா, அதை மொதல்ல பாருங்க" என்று ஒரே போடாகப் போட்டவள்.

படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீட்டுக்கு அரசுச் செலவில் உதவியாளரை அனுப்பும் திட்டத்துக்கு விண்ணப்பப் படிவம் செய்ததும் அவள்தான். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் படிவம் மூடிக்கொள்ளும், நிரப்பியதெல்லாம் அழிந்துவிடும். பாதுகாப்புக்காக அவளே வைத்த கெடு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு வருடம் போனது. படிவத்தை நிரப்பத் தொடங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். ஜனங்களுக்கு இது தேவையில்லை, நிதியை நிறுத்திவிடலாம் என்று இயக்குநர் முடிவுகட்டி, பிற்பகலில் கூட்டம் வைத்தார்.

அன்று காலை, விண்ணப்பிக்க வருபவர்களுக்கு உதவும் மேசையில் இருப்பவர் விடுப்பு. கறார் அக்கா அங்கே உட்கார்ந்தாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தூக்கமில்லாத கண்ணோடு வந்தார்.

"ஏம்மா, ஏழு தடவை நிரப்பிட்டேன். எந்திரிச்சுப் போயிட்டு வந்தா எல்லாம் காலியாக் கெடக்கு."

"நடுவுல ஏங்கய்யா எந்திரிக்கிறீங்க? ஒரே மூச்சுல முடிச்சிடலாம்ல?"

"நல்லாக் கேட்ட போ! வீட்டுக்காரியைப் புரட்டிப் படுக்க வைக்கணும், துணி மாத்தணும். நிம்மதியா உட்கார முடிஞ்சா உங்க ஆளை நான் எதுக்கும்மா கேக்கறேன்?"

அட, இவ்வளவு படித்தும் இது புத்தியில் உறைக்கவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிவத்தைத் தானே நிரப்பி அனுப்பினாள்.

கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"ஜனங்க மேல தப்பில்ல சார். என் மேலதான். எழுதுறது அப்பப்போ தானா சேமிச்சுக்கிற மாதிரி மாத்திடறேன். திட்டத்தை நிறுத்திடாதீங்க."

"பரிசோதிக்காமலா போட்டீங்க?"

"பரிசோதிச்சேன் சார். நாற்காலிய விட்டு எழுந்திருக்காம."

இயக்குநர் நிதியை நிறுத்தும் தாளை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, இன்னும் ஒரு வருடம் திட்டம் நடக்கட்டும் என்றார்.

அவள் ஓடிப்போய் டிரைவருக்குப் போன் செய்தாள். "ஐயா, கட்டாயம் ஆள் வருவாங்க."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றவர், கொஞ்சம் தயங்கிக் குரலைத் தாழ்த்தினார். "அவ இருக்கறப்பவே வந்துடுவாங்கல்ல?"

கறார் அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, உதவியாளர்களை அனுப்பும் பிரிவுக்குப் படியேறினாள்.