மைக்ராஸ்கோப் சித்தியின் கோபம்

எங்கள் சித்தப்பாவின் கல்யாணத்தில் பெண் வீட்டுச் சீராகப் பீரோ, கட்டில், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் திண்டிவனத்திலிருந்து ஒரு மினி லாரியில் வந்து இறங்கின. கூடவே ஒரு மரப்பெட்டியும் வந்தது. தையல் மிஷினாக இருக்கும் என்றாள் அம்மா. திறந்து பார்த்தால் மைக்ராஸ்கோப். கோலியனூர்ப் பக்கம் அதற்கு முன்போ பின்போ எந்தப் பெண்ணும் மைக்ராஸ்கோப்போடு புகுந்த வீட்டுக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சித்தி லேப் டெக்னீஷியன் படித்துவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்று எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். சரி என்று தலையாட்டியவள், அந்த லேப்பில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய மைக்ராஸ்கோப்பைத் தன் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கிச் சீரில் சேர்த்துக்கொண்டாள். வேலையைத்தான் விடச் சொன்னார்கள், தொழிலை விடச் சொல்லவில்லையே என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா கறிக்கடைக்குக் கிளம்புவதற்குள் எங்கள் வீட்டில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்து முடித்திருப்பாள். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு. அதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, காயவைத்து, ஊதா நிற மருந்தை ஊற்றிக் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள். கை பழக்கம் விட்டுப்போகக்கூடாதாம். அம்மா முதலில் முணுமுணுத்தாள். ஆனால் அம்மாவின் ரத்தம் வெளிறிக் கிடக்கிறது என்று சித்தி சொல்லி, டாக்டரிடம் காட்டி, மாத்திரை சாப்பிட்டுக் கொஞ்ச நாளில் அம்மாவுக்கு மேல்மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. அதன் பிறகு அம்மாவே முதல் ஆளாக விரலை நீட்டினாள்.

அப்பாவுக்கு மட்டும் சித்தப்பாதான் குத்துவார். கணவனின் அண்ணன் எதிரில் சித்தி உட்காரக்கூட மாட்டாள். கையைப் பிடிப்பது எங்கே? அப்பா கூடத்தில் விரலைக் கொடுக்க, சித்தப்பா குத்தி எடுத்த கண்ணாடியை நான் உள்ளே கொண்டுபோவேன். கூலியாக எனக்கும் ஒரு முறை எட்டிப் பார்க்கக் கிடைக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியவள் ஆனதும் சித்தி மாதிரி ஆகவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது.

எல்லோர் ரத்தமும் ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டைவிரலால் நடுவில் அமுக்கிவிட்ட தட்டை போலச் சிவப்பணுக்கள் பரந்து கிடக்கும். நடுவே எங்கேயாவது தேடினால் ஊதா நிறத்தில் ஒரு வெள்ளையணு அகப்படும். தேடிக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு விளையாட்டு.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கண்ணாடியில் தேடவே வேண்டியிருக்கவில்லை. பார்த்த இடத்தில் எல்லாம் ஊதா. சிறிசும் பெரிசுமாக, பூப்போட்ட சீட்டித் துணி மாதிரி இருந்தது. “அப்பாவோடதுதான் இருக்கறதுலயே அழகா இருக்கு சித்தி” என்றேன். சித்தி என்னை நகர்த்திவிட்டு மறுபடி குனிந்தாள். வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு கூடத்துக்குக் கேட்கும்படி, “என் கைதான் சரியில்ல, ஸ்லைடு கெட்டுப்போச்சு, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்” என்றாள். சித்தப்பா சிரித்தார். இத்தனை நாளில் அவள் கையால் ஒரு ஸ்லைடும் கெட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரமும் கெட்டுப்போனது. அதற்கடுத்த வாரம் ஊதா இன்னும் நெருக்கமாகத் தெரிந்தது. சித்தி மருந்தின் மேல் சந்தேகப்பட்டாள், தண்ணீரின் மேல் சந்தேகப்பட்டாள். என் ரத்தத்தையும் அப்பாவுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மருந்தை ஊற்றிப் பார்த்தாள். என்னுடையது எப்போதும் போல இருந்தது. அப்பா அந்த நாட்களில் இளைத்துக்கொண்டே வந்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்பார். காஸ் என்று தானே முடிவு செய்து பன்னீர் சோடா குடிப்பார். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இத்தனை வயதை ஓட்டியதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

சித்தி போனில் படம் பிடித்துத் தன் பழைய லேப் முதலாளிக்கு அனுப்பினாள். படத்தை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆளையே கூட்டிக்கொண்டு வா என்று பதில் வந்ததாம். ஆளை எப்படிக் கூட்டிப் போவது? வீட்டில் வாயைத் திறந்தால், புதுப்பெண் காலெடுத்து வைத்த நேரம், வீட்டுப் பெரியவருக்கு இப்படி ஆகிவிட்டது என்று ஊரே பேசும். அப்பாவோ, எனக்கு என்ன குறை என்று சோடாவைத் திறப்பார். ஒருவேளை தன் கணிப்பு தப்பாக இருந்தால் அம்மாவின் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். இதெல்லாம் அவளே பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னது.

மறு ஞாயிறு அவள் மறுபடியும் அப்பாவின் ரத்தத்தைக் கேட்டபோது அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “எங்க வூட்டுக்காரரு ரத்தம் இன்னா கொழாத் தண்ணியா, வாராவாரம் புடிச்சிக்கினு இருக்கறதுக்கு? அந்தப் பொட்டியத் தூக்கிப் பரண்ல போடு.” இதைவிடப் பெரிய பேச்சுகளை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இட்லி ஊற்றியவள் சித்தி. அன்று மட்டும் விருட்டென்று எழுந்தாள். பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு, சித்தப்பா சட்டை மாட்டுவதற்குள் விழுப்புரம் பஸ்ஸில் ஏறித் திண்டிவனம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறுநாள் சித்தப்பா போய்க் கூப்பிட்டார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கோபித்துக்கொண்டு போனவளைப் பெரியவர்கள் போய் மரியாதையாக அழைத்து வருவது வழக்கம்தான். ஆனால் இன்னார்தான் வரவேண்டும் என்று எந்த மருமகளும் கேட்டதில்லை. சித்தி கேட்டாள். “பெரிய மாமாவே வந்து கூப்ட்டாத்தான் வருவேன்.” சித்தப்பா வெட்கத்தோடு இதை வந்து சொன்னபோது அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். மூத்தாரையே, புருஷனின் அண்ணனையே, வரச்சொல்லும் திமிரை அவள் எங்கே கண்டாள்? அப்பாவுக்குக் கோபம் வராது. “சின்னப் பொண்ணு, போய்ட்டு வர்றேன், இன்னா இப்ப” என்று சொல்லி, சீப்பு வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

திண்டிவனத்தில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டிலேயே சித்தி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபத்தின் அடையாளமே இல்லை. “வீட்டுக்கு அப்புறம் போவலாம் மாமா, ஜல்தியா ஒரு எடத்துக்கு வாங்க” என்று சொல்லி நேரே லேப்புக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கே அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் கையைத் தானே பிடித்து, ரப்பரைக் கட்டி, நரம்பைத் தட்டி, ரத்தம் எடுத்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கேள்வி கேட்காமல் அப்பாவும் கொடுத்தார். சமாதானத்துக்கு வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார்.

மிஷின் அணுக்களின் கணக்கைச் சொன்னது. முதலாளியும் சித்தியும் மாற்றி மாற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பிறகு டீக்கடையில் எனக்கு ஒரு தட்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அப்பாவும் சித்தியும் புளியமரத்தடியில் நின்று பேசினார்கள். பேசியது சித்திதான். அப்பா அவள் காட்டிய காகிதத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் புதுச்சேரியில் பெரிய டாக்டர்கள் அது ரத்தப் புற்றுநோய்தான் என்றார்கள். நல்ல வேளை, சீக்கிரம் வந்தீர்கள், மாத்திரையிலேயே கட்டுப்படுத்தலாம் என்றும் சொன்னார்கள். அப்பா இன்றைக்கும் தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்குப் போய் ஆட்களை விரட்டுகிறார். விஷயம் தெரிந்த பிறகு அம்மா அந்தப் பெட்டியைப் பீரோவில் தன் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். சித்தி விழுப்புரத்தில் வேலைக்குப் போகத் தொடங்கியபோது, டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்ததும் அம்மாதான். இத்தனை கெட்டிக்காரியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இப்போது நானும் அதே வேலையில் இருப்பதால் தைரியமாகவே சொல்கிறேன்.

ஆனால் திண்டிவனத்திலிருந்து நாங்கள் திரும்பிய சாயந்தரம் அம்மாவுக்கு எதுவும் தெரியாது, எனக்கும்தான். பெரிய டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வீட்டில் மூச்சுவிடக்கூடாது என்று இருவரும் புளியமரத்தடியிலேயே பேசி வைத்திருந்தார்கள். அம்மா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். “வந்துட்டியா மகராசி. கட்டன புருசன் கூப்ட்டா பத்தலயா, அவரே வந்து நிக்கணுமா?” என்றாள். அக்கம்பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

பிறகு சித்தி பையைக் கீழே வைத்தாள். “தப்புதான் அக்கா, மன்னிச்சிடுங்க” என்று சொல்லி, அத்தனை பேர் பார்க்க அம்மாவின் காலில் விழுந்தாள்.

அம்மா திருப்தியாக அவளைத் தூக்கிவிட்டு, உள்ளே போய்ச் சாப்பிடச் சொன்னாள். சித்தி கையைக் கழுவிக்கொண்டு வந்து, கேட்டுக் கேட்டு வாங்கி வயிறாரச் சாப்பிட்டாள். எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவ்வளவு வீராப்பாகப் போன என் சித்தி இப்படித் தோற்றுப்போய்த் திரும்பி வந்துவிட்டாளே என்று அழுகையாக வந்தது.