மாஸ்டரம்மா வாங்கிய சைக்கிள்

சீருடை தைக்கும் அந்தக் கம்பெனியில் வெட்டும் மேசை மாஸ்டரம்மாவுடையது. பத்தொன்பது வருடமாக அந்த மேசையில் துணி விரிப்பது, அட்டை வைத்துச் சாக்பீஸால் கோடு போடுவது, மெஷினைப் பிடித்து நாற்பது அடுக்கை ஒரே மூச்சில் வெட்டுவது எல்லாம் அவள்தான். அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. அது சம்பளச் சீட்டோடு சரி. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் மாஸ்டரம்மாதான்.

பிள்ளைகளின் சீருடை வெட்டுகிறவர்களுக்கென்று ஒரு புத்தி உண்டு. பிள்ளை வளரும், அதனால் எதையும் ஒரு விரல் கூடுதலாக வெட்டு, உள்ளே துணி விடு. பெரிதாக இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். சின்னதாகப் போனால் போனதுதான். இந்தப் புத்தி மேசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. மகனுக்குச் செருப்பு வாங்கினால் ஒரு அளவு பெரிது. நாலு பேர் சாப்பிட எட்டுப் பேருக்கான பாத்திரம். அவளுக்கு? மிச்சத் துணியில் கண் அளவுக்கு எதையோ தைத்துத் தொளதொளவென்று மாட்டிக்கொள்வாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்பாள்.

நின்று நின்றே வேலை பார்த்ததில் நாற்பதாவது வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் நீந்தச் சொன்னார். காலை ஆறு மணிக்கு நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போனாள். முதல் மாதம் குளத்துத் தண்ணீரில் பாதி அவள் வயிற்றுக்குள்தான் போனது. இரண்டாம் வருடம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மூச்சு வாங்காமல் போய் வந்தாள். வேலைக்கு மூன்று நிறுத்தம் முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடவும் ஆரம்பித்தாள். அப்போதுதான் குளத்துச் சுவரில் அந்த அறிவிப்பு வந்தது. புதியவர்களுக்கான டிரையத்லான்: நானூறு மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்.

படித்தவள் சும்மா இருந்திருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில், "நான் பேர் குடுத்துட்டேன்" என்று சொல்லித் தொலைத்தாள். தையல் பிரிவு மொத்தமும் கை தட்டியது. இனி பின்வாங்கினால் தினமும் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதைவிட, அவளுக்கே அது வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடமாக ஊர்ப் பிள்ளைகளை அளந்து அனுப்பியவளுக்கு, தான் எவ்வளவு தூரம் போவோம் என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரே ஆசை.

நீச்சல் வந்தது, ஓட்டம் வந்தது. சைக்கிள்தான் இல்லை. வீட்டில் இருந்தது முன்னால் கூடை வைத்த கனமான சைக்கிள். அதில் இருபது கிலோமீட்டர் மிதிப்பதற்குள் மற்றவர்கள் ஓடி முடித்து வீட்டுக்கே போயிருப்பார்கள். ரோடு பைக் என்று சொல்லும் எடை குறைந்த சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும், ஆரம்பக்காரர்களுக்கானதே போதும் என்று தெரிந்துகொண்டாள். வீட்டில் பேச்சு நடந்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர் நல்ல மனிதர். ஆனால் எதை வாங்கினாலும் நாலு பேருக்கு ஆகுமா என்று பார்ப்பவர். "வாங்கறதுதான் வாங்கறோம், எல்லாரும் ஓட்டற மாதிரி வாங்கும்மா. ரேஸ் ஒரு நாள்தானே. அப்புறம் பையன் காலேஜுக்கு எடுத்துட்டுப் போவான்" என்றார்.

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. உள்ளே துணி விட்டு வெட்டுகிற யோசனைதானே அது!

சைக்கிள் கடைக்காரர் ஐம்பது தாண்டியவர். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நாற்பத்தேழு சைஸ் ஃப்ரேம்தான்மா சரி. இப்ப கையில இல்ல. ஒரு வாரம் பொறுங்க" என்றார்.

அவள் விலைச் சீட்டு தொங்கிய ஒரு நீலச் சைக்கிளைக் காட்டினாள். "அது?"

"அது ஐம்பத்திரண்டும்மா. ஆம்பளைங்க உயரத்துக்குத்தான் சரியா இருக்கும்."

"பெருசா இருந்தா பரவால்லண்ணா. சீட்டை இறக்கிக்கலாம்ல?"

"உயரத்தை இறக்கலாம். நீளத்தை என்ன பண்றது? இது துணியில்லம்மா, பிடிச்சுத் தைக்க முடியாது."

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரியாமல்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அளவைப் பற்றி எனக்கே பாடமா என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றே அந்த நீலச் சைக்கிளை வாங்கி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிடிக்காவிட்டால் பதினைந்து நாளில் மாற்றித் தருவதாக அவர் பில்லில் எழுதிக் கொடுத்ததை மடித்துப் பையில் போட்டாள். அது எதற்கு என்று நினைத்தாள்.

அன்று மாலையே மகன் ஏறித் தெருவைச் சுற்றினான். மறுநாள் கணவர் சுற்றினார். இருவரும் ஆஹா என்றார்கள். அவள் ஏறியபோது கைப்பிடி எட்ட இருந்தது. பரணில் எதையோ தேடுகிறவளைப் போல உடம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். பழகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் வாரம் கழுத்து வலித்தது. இரண்டாம் வாரம், பதினைந்து கிலோமீட்டர் போய் இறங்கினால் உள்ளங்கைகள் எரிந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போயின. உடம்பின் பாரம் முழுக்க கைகளில் ஏறியிருந்தது. காலையில் வந்த மரப்பு மதியம்வரை விடவில்லை. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் நாற்பது அடுக்குக் கால்சட்டைத் துணியை வெட்டும்போது மெஷின் கோட்டைவிட்டு விலகியது. விலகியது கைக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தபோது நாற்பது இடது கால்கள் ஒரு விரல் உள்ளே போயிருந்தன. அதே பிளேடுக்குப் பக்கத்தில்தான் துணியை அமுக்கிய இடது கையும் இருந்தது. மெஷினை அணைத்துவிட்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து வேலை பார்த்தே அறியாதவள்.

மேற்பார்வை பார்க்கும் அம்மா ஓடி வந்தாள். துணியைப் பார்க்கவில்லை, அவள் கையைத்தான் பிடித்துப் பார்த்தாள். "தப்பு யாருக்கும் வரும் மாஸ்டரம்மா. உங்களுக்கு வந்தா பயமா இருக்கு. கை சரியாகற வரைக்கும் மெஷின்கிட்ட வராதீங்க" என்றாள்.

பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கைகள்தான் அவளுக்குச் சோறு. இவற்றை வைத்துக்கொண்டு சைக்கிளா என்று அவளுக்கே தோன்றியது.

வீட்டில் கணவர் பதறிப் போனார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். "ரேஸை விட்டுடும்மா. உடம்புதான் முக்கியம். சைக்கிளைப் பத்திக் கவலைப்படாத, நானும் பையனும் ஓட்டிக்கறோம்."

அன்பாகத்தான் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. அவள் நீந்தி, ஓடி, ஆசைப்பட்டு வாங்கிய பொருள் வீட்டில் அவளைத் தவிர எல்லோருக்கும் பொருந்துகிறது. அப்படி அளவு பார்த்து வாங்கியது வேறு யாருமில்லை, அவளேதான். கோபப்பட ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது ரொம்பப் பொல்லாதது. இரவு அதோடுதான் படுத்தாள்.

பதினான்காம் நாள் நீலச் சைக்கிளைக் கடைவரை உருட்டிக்கொண்டே போனாள். வழியில் நூறு சாக்கு யோசித்தாள். கடைக்காரரைப் பார்த்ததும் நூறும் மறந்துவிட்டது.

"நீங்க சொன்னதுதான்ணா சரி. நான் தப்பா அளந்துட்டேன்."

"நீங்க அளக்கவே இல்லையேம்மா" என்றார் அவர். குத்திக் காட்டவில்லை, இருந்ததைச் சொன்னார்.

செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிற்கச் சொன்னார். ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்துக் கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்புவரை டேப் வைத்தார். அவர் டேப்பைத் தொய்வாகப் பிடித்ததைப் பார்த்து அவளால் பொறுக்க முடியவில்லை. "இழுத்துப் பிடிங்கண்ணா" என்றாள். பிறகு தோள் எலும்பிலிருந்து மூடிய கைவரை. ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்லி ஒரு சீட்டில் எழுதினார். "உங்க உயரத்துக்குக் கை கொஞ்சம் குட்டை. அதான் எட்டல" என்றார்.

நாற்பத்திரண்டு வயதில் தன் கை குட்டை என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. ஆயிரமாயிரம் பிள்ளைகளின் கை நீளம் மனப்பாடம். தன் நீளம் தெரியாது. டேப் வைத்து அவளை அளந்தவர்கள் இதுவரை யாருமில்லை. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து, "அப்ப எந்த வண்டி?" என்று அதட்டலாகக் கேட்டாள்.

அந்த வாரம் பழைய வண்டி ஒன்று வந்திருந்தது. நாற்பத்தேழு. சிவப்பு, அங்கங்கே வண்ணம் உரிந்தது, அலுமினிய உடம்பு, எட்டு கியர். விலையும் நீலத்தைவிடக் குறைவு. ஏறி உட்கார்ந்தாள். கை தானாகப் போய்க் கைப்பிடியில் விழுந்தது, முழங்கை லேசாக மடிந்தது. கடை வாசலில் இரண்டு சுற்றுப் போனாள். மூன்றாவது சுற்று தேவையே இல்லை, ஆசைக்காகப் போனாள்.

வீட்டில் மகனுக்கு முகம் தொங்கிவிட்டது. "இது குட்டியா இருக்கேம்மா. நான் எப்படி ஓட்டறது?"

"நீ ஓட்ட வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு ஏதாவது சமாதானம் சேர்க்க வாயெடுத்தாள். ஒன்றும் சேர்க்காமல் போய்க் கை கழுவினாள்.

பத்து நாளில் மரப்பு விட்டது. மெஷின் திரும்பக் கைக்கு வந்தது. ரேஸ் அன்று நீச்சலில் நடுவில் வந்தாள், சைக்கிளில் நிறையப் பேர் தாண்டிப் போனார்கள், ஓட்டத்தில் நாலு பேரைப் பிடித்தாள். நூற்று முப்பது பேரில் எண்பத்தொன்பதாவது. முடிக்கும் கோட்டில் ஆனந்தம் தாங்காமல் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

கணவர் சைக்கிளைப் பொறுப்பாக எடுத்துவரப் போயிருந்தார். அவர்கள் வந்த வாடகை வேன் நின்ற இடம் ஒரு கிலோமீட்டர் தள்ளி. நீலச் சைக்கிளைப் போல இதிலும் ஏறி மிதித்துப் போய்விடலாம் என்று காலைத் தூக்கிப் போட்டார். முழங்கால் கைப்பிடியில் இடித்தது. இன்னொரு விதமாக உட்கார்ந்து பார்த்தார். இன்னொரு முழங்கால் இடித்தது. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் இறங்கி, சைக்கிளைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் வந்து நின்ற அவளைப் பார்த்தார்.

"இது உனக்கு மட்டும்தாம்மா சரியா இருக்கு" என்றார்.

"ஆமா" என்றாள்.

அவர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, அவள் பொருளுக்குக் கீறல் படாமல், வேன்வரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். அவள் பக்கத்தில் கையை வீசிக்கொண்டு நடந்தாள்.