மாலையில் ஓதம் உச்சம்

காட்டுப்பாக்கத்தில் பேருந்து ஏறிக் கடற்கரைக்குப் போவதென்றால் வழியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அவ்வளவு தள்ளிக் குடியிருந்துகொண்டு தினமும் காலையில் கடலின் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்ப்பது ஓய்வுபெற்றவனின் கெட்ட பழக்கம். சிலருக்கு மூக்குப்பொடி. ஆற்றின் முகத்துவாரத்தில் நட்டிருந்த அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தை மேலிடத்துக்குத் தெரிவிக்கும் பிரிவில்தான் என் உத்தியோகத்தின் பெரும்பகுதி கழிந்தது. மேலிடம் அதைத் தனக்கும் மேலே அனுப்பும். அதற்குள் தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்.

கடல் எங்கள் தெருவுக்கு வராது. ஆனால் அது ஏறி நிற்கும் நேரத்தில் ஆற்றை வாங்கிக்கொள்ளாது. ஆறு நிறைந்தால் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் நிற்கும். கால்வாய் நின்றால் எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் வந்த வழியே திரும்பும்.

எங்கள் குடியிருப்பில் நான் முதல் மாடி. எனக்குக் கீழே, தரைத்தளத்தில் ஓர் அம்மாள், கணவரோடு. இந்த மனையில் நெல் விளைந்த காலத்தில் அவருடைய மாமனார் இங்கே கூலிக்கு உழுதவராம். அம்மாளுக்கு அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. கணவர் பக்கவாதம் வந்து படுத்தவர். பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும்தான் அசையும். சாப்பிடுவது, டீவியில் சேனல் மாற்றுவது, கொசு அடிப்பது, வேண்டாம் என்று சொல்வது எல்லாம் அந்தக் கைதான். கனத்த உடம்பு. மேலே கொண்டுபோக வேண்டுமானால் சக்கர நாற்காலியில் வைத்து லிப்டில்தான் ஏற்ற வேண்டும். தெருவில் தண்ணீர் ஏறினால் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வெள்ள அபாயம் என்பது அவரைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: லிப்ட் நிற்பதற்குள் மேலே வந்துவிட்டாரா, இல்லையா.

இந்த வருஷ அடைமழையில் ஏரியைத் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த காலையில், எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் ஓர் எச்சரிக்கை போட்டேன். அரசு அறிவிப்புகளில் ‘தாழ்வான பகுதி’ என்று வரும். தாழ்வான பகுதி என்பது எப்போதும் பக்கத்துத் தெரு. அந்தக் குழப்பம் வேண்டாம் என்று திட்டவட்டமாகவே எழுதினேன்: ‘இன்று மாலை ஓதம் உச்சத்தை அடையும். தரைத்தளத்தினர் உரிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளவும்.’

ஓதம் என்றால் கடலின் ஏற்ற இறக்கம். பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் இருக்கிறது.

தரைத்தள அம்மாள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். தகவல் பெறப்பட்டது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், திருநெல்வேலிப் பக்கம், ‘உடம்பைப் பாத்துக்கோங்க அங்கிள்’ என்று எழுதியிருந்தான். மரியாதையான பிள்ளை என்று நினைத்தேன்.

சாயங்காலம் மின்சாரம் போனது. மாடிப்படியில் இறங்கிப் பார்த்தால் கடைசிப் படி தண்ணீருக்குள் இருந்தது. லிப்ட் பாதியில் நின்றிருந்தது. தரைத்தள வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தின் நடுவில் கட்டில், அதன் மேல் அவர். கையைத் தொங்கவிட்டுத் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தார். நான்கு சுவரிலும் இடுப்பளவுக்குப் பாலித்தீன் தாள் ஒட்டியிருந்தது. வேலை சுத்தமாகச் செய்யப்பட்டிருந்தது.

“இன்னும் மேலே ஏத்தலையாம்மா?”

“இன்னா சார் கேக்கறீங்க? நீங்க ஓதம்னு தானே போட்டீங்க? ஏற்கெனவே செவுரு ஈரத்துல ஊறி ஓதம் அடிச்சிகினு கீது. மழைக்கு இன்னும் ஏறும்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் லீவு போட்டுட்டு, கட்டில செவுத்தாண்ட இருந்து நடு ஊட்டுக்கு இழுத்துட்டேன்.”

“ஓதம்னா கடல்ல தண்ணி ஏறுறதும்மா.”

“கடல்னு எழுதறதுக்கு இன்னா சார்? காலையிலயே லிப்ட்ல ஏத்திகினு வந்துருப்பனே!”

பையனைக் கூப்பிட்டேன். இறங்கி வந்தவன் தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“அங்கிள், இதையா சொன்னீங்க? எங்கூர்ல ஓதம்னா ஆம்பளையளுக்கு அங்கன வீங்குமே, அதுல்லா! உங்களுக்குத்தான் முத்திப்போச்சின்னு நெனச்சேன். குரூப்புல போய் போட்டிருக்காரேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.”

கட்டிலில் இருந்தவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியைப் படியில் தூக்க முடியாது. பெட்ஷீட்டில் கிடத்தினோம். தலைப்பக்கம் பையன், கால்பக்கம் அம்மாளும் நானும்.

“மெதுவா தூக்கு நைனா, உங்கப்பன்னு நெனச்சிக்கோ.”

“எங்கப்பா அம்பது கிலோ ஆத்தா.”

படி திரும்பும் இடத்தில் என் கையிலிருந்த முனை நழுவியது. அவர் விழவில்லை. கைப்பிடிக் கம்பியை இடது கையால் எட்டிப் பிடித்துக்கொண்டார். உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் கையில் தொங்கியது. தோளில் ஏதோ சத்தம் கேட்டது. மறுபடியும் தூக்கி என் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து படுக்கவைத்தோம்.

பின்னிரவில் கடல் இறங்கியது, அட்டவணையில் போட்டிருந்தபடியே. மறுநாள் தெருவிலும் தண்ணீர் குறையத் தொடங்கியது.

டாக்டர் தோளைப் பொருத்திக் கட்டுப் போட்டார். தசைநார் கிழிந்திருக்கிறது, கை பழையபடி வருமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அதுவரை தூக்கிப் புரட்டக் கூடாதாம். லிப்ட் குழியில் தண்ணீர் புகுந்து வயரிங் கெட்டுவிட்டது. சரிசெய்த பிறகும் ஆய்வாளர் வந்து சான்று தர வேண்டும். அதற்கு எங்கே மனுப் போட வேண்டும், அது எத்தனை மேசை ஏறி இறங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். போட்டுவிட்டேன். நடந்ததைப் பற்றி யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குறையில்லாத ஓர் அறிக்கை கொடுத்திருப்பேன்.

அவர் என் கூடத்திலேயே இருக்கிறார். அம்மாள் காலையில் மேலே வந்து அவருக்குத் துடைத்துவிட்டு, இட்லி ஊட்டிவிட்டு, வேலைக்குப் போகிறார். மதியச் சாப்பாடு என் பொறுப்பு. முதல் நாள் பெரிய கவளமாகக் கொடுத்துவிட்டேன், புரையேறிவிட்டது. இப்போது சின்னதாகப் பிசைகிறேன். போதும் என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார். வேண்டாம் என்றாலும் அதேதான். எது எதுவென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.